சொப்பின் பைக்கு ஐந்து ரூபாய்: விஞ்ஞாபனம் ஒன்றைப் பாவித்துப் பார்த்த கடைக்காரியின் கணக்கு

இந்தச் சாமான் எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 26 அன்று, இலங்கையில் பிறகு ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி தன் தேர்தல் விஞ்ஞாபனத்தை வெளியிட்டது. மகன் அதன் தமிழ்ப் பிரதியைப் போனில் இறக்கித் தந்தான். 'வளமான நாடு – அழகான வாழ்க்கை' என்று தலைப்பு. நாலு பக்கம் வாசிப்பதற்குள் கண் எரிந்தது. அடுத்த நாள் பஸ் நிலையத்தடியில் இருக்கிற போட்டோகொப்பிக் கடைக்குப் போய் எனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் அடித்து எடுத்தேன்: சுகாதாரம், சுற்றாடல், பாவனையாளர் பாதுகாப்பு. 250 ரூபாய் போயிற்று. வெளிநாட்டுக் கொள்கையும் மற்றதும் அவர்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதுதானே.

திருகோணமலையில் டைக் வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாகிறது. வீட்டில் எழுபத்தெட்டு வயதில் அம்மா. சீனி வருத்தம், பிறசர், மாதம் ஒருமுறை கிளினிக். இரவில் கடை வாசலுக்குப் புள்ளிமான் வரும். ஆக, அந்த மூன்று தலைப்பும் எனக்குத் தூரத்து விஷயமில்லை. கடைக்காரி என்றபடியால் புதுச் சட்டம் ஏதும் வந்தால் முதலில் பிடிபடுவதும் நான்தான். யாருக்கு வாக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் இரண்டை அந்தக் கட்சிதான் எடுத்தது, அது ஊருக்கே தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த பிறகு எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான். அந்தப் பக்கங்களில் எது என் பில் புத்தகத்தில் ஒரு வரியாக ஏறியதோ அது மட்டும்தான் எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது. 'உறுதிப்படுத்துவோம்', 'மேம்படுத்துவோம்' என்று முடிந்தவை கொழும்பிலேயே நின்றுவிட்டன.

சொப்பின் பையில் தொடங்குகிறேன். 2025 நவம்பர் 1இல் இருந்து கைபிடி வைத்த பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது. விலையைக் கடையில் எழுதிப் போட வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவித்தல். நான் கார்ட்போர்ட்டில் 'பை 5/-' என்று மார்க்கரால் எழுதித் தராசுக்கு மேலே கட்டினேன். முதல் நாள் காலை முதல் ஆளாக வந்தவர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஐயா. அரைக் கிலோ வெங்காயம், கால் கிலோ பருப்பு, ஒரு சவர்க்காரம்.

"பிள்ளை, நீ கடை திறந்த நாளில இருந்து உன்னட்டத்தான் வாங்கிறன். ஒரு பைக்குக் காசு கேக்கிறியே?"

"நான் கேக்கேல்ல ஐயா, வர்த்தமானி கேக்குது."

அவர் ஒன்றும் பேசாமல் சாரத்தை முன்னால் மடித்துப் பிடித்து வெங்காயத்தை அதற்குள் கொட்டச் சொன்னார். பருப்புச் சரையைக் கையில் எடுத்தார். சவர்க்காரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். அப்படியே நடந்து போனார். ஒழுங்கை முழுக்க அதைப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் அவர் வந்தபோது கையில் ஒரு பன்பை. மனைவி இருந்த காலத்தில் கோயிலுக்குக் கொண்டுபோனதாம். பிடியடியில் கொஞ்சம் இற்றிருந்தது, அவரே நூல் கோத்திருந்தார். இப்போது அந்தப் பன்பையைக் கண்டால் அவர் என்ன வாங்க வந்திருக்கிறார் என்று கேட்காமலே நிறுக்கத் தொடங்கிவிடுவேன்.

முன்பு நூறு பைக் கட்டு ஒன்று எனக்கு இரண்டு நாள் நிற்கும். இப்போது ஒரு கிழமைக்கு மேல் போகிறது. ஐந்து ரூபாயில் யாரும் ஏழையாகப் போவதில்லை. ஆனால் பில்லில் ஒரு வரியாக அதைக் கண்டவுடன் ஆட்களுக்கு வீட்டில் கிடக்கிற பை நினைவுக்கு வருகிறது. என்ன மாயமோ தெரியாது.

இந்தப் பைக் கதையில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் மான்களைப் பற்றித் தெரிந்திருக்காது. பிரட்ரிக் கோட்டைக்குள் கூட்டம் கூட்டமாக நிற்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வருகிறவர்கள் வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். இரவானால் கோட்டை வாசலைத் தாண்டி ஊருக்குள் இறங்கிவிடும். கடற்கரை, பஸ் நிலையம், சந்தை, எங்கே குப்பை இருக்கிறதோ அங்கே. மூன்று வருடத்துக்கு முன் ஒரு இரவு கடைக் கதவைச் சாத்த வெளியே வந்தால் வாசலில் ஒரு கொம்பன் மான். வாயில் இருந்து என்னவோ தொங்கியது. பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. பாதிதான் வந்தது, மிச்சத்தை அது விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. கையில் நின்ற துண்டைப் பார்த்தேன். நீல நிறம். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் நீலப் பை கொடுத்தது நான் ஒருத்திதான்.

அதனால் இந்த வர்த்தமானிக்கு என் பக்கத்தில் இருந்து முழு நட்சத்திரம். இரண்டு விஷயத்தையும் சொல்லவேண்டும். ஒன்று, இதைக் கட்சி தானாகவே எழுந்து வந்து செய்தது என்று முழுதாகச் சொல்ல முடியாது. சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கும் அதன் பின்னால் இருந்தது. மற்றது, கைபிடி இல்லாத மெல்லிய பை இன்னும் சும்மாதான் போகிறது. மீன் சந்தையில் கேட்டால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டுத் தருவார்கள். மான் கைபிடி பார்த்தா தின்கிறது?

தண்ணீர்ப் போத்தல் அதைவிடச் சுலபமாக முடிந்தது. 2025 ஏப்ரல் 1இல் இருந்து அரை லீற்றர் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130. அதற்கு மேல் விற்றால் என்னைப் போன்ற தனியாளுக்குக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் தண்டம், கம்பனிக்குக் குறைந்தது ஐந்து லட்சம். நிலாவெளிக்கும் புறாமலைக்கும் போகிற வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்று வைத்திருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நானும் குளிரூட்டிக் காசு என்று பத்து ரூபாய் கூட வைத்து விற்றவள்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு லட்சம் என்று கேட்டவுடன் குளிர் தானாக இலவசமாகிவிட்டது. அந்தத் தண்டத்தை அவ்வளவுக்கு உயர்த்திய திருத்தச் சட்டம் 2021இல், வேறொரு ஆட்சியில் வந்தது. சாமான் பழையது, எடுத்து வெயிலில் காயவைத்தது இவர்கள்.

இப்போது அரிசி. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். 2024 டிசம்பரில் அதிகபட்ச சில்லறை விலை போட்டார்கள்: பச்சை அரிசி 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச்சம்பா 260. பத்திரிகையில் பார்க்க அழகாக இருந்தது. நான் அரிசி எடுக்கிற மொத்த வியாபாரி ஒருவர், பெயர் வேண்டாம், பில்லில் நாடு 225 என்று எழுதுவார். கையில் 235 வாங்குவார். "விருப்பமெண்டா எடுங்கோ அக்கா, இல்லாட்டி விடுங்கோ, எடுக்க ஆக்கள் நிக்குது." 235க்கு வாங்கி 230க்கு விற்க எனக்கென்ன விசரா? 240க்கு விற்றால் தண்டம் எனக்கு, அவருக்கு இல்லை, ஏனென்றால் அவருடைய பில் சுத்தம். ஆறு கிழமை நாட்டரிசிச் சாக்கு வைக்கிற மூலை காலியாகக் கிடந்தது. "அரிசி இல்லாத பலசரக்குக் கடையும் ஒரு கடையோ" என்று அம்மா உள்ளே இருந்து கேட்டார்.

பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்து முறையிட்டிருக்கலாம். சட்டம் என் பக்கம்தான். வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போனால் அலுவலர்கள் இருக்கிறார்கள். நான் அடிக்கவில்லை. அடித்தால் அடுத்த கிழமை எனக்குப் பருப்பும் வராது, சீனியும் வராது. அந்தப் பயத்துக்கு விஞ்ஞாபனத்தில் பக்கம் இல்லை. விலைக் கட்டுப்பாடு என்றால் கடைசியாக நிற்கிற கடைக்காரியின் கழுத்தில் கயிறு போடுவது என்றுதான் எல்லாக் கட்சியும் நினைக்கிறது. ஆலைக்காரன் எவ்வளவு நெல் பதுக்கியிருக்கிறான் என்று என் தராசுக்கு எப்படித் தெரியும்?

அரிசி என்றவுடன் இன்னொரு கட்சியின் சாமானும் நினைவுக்கு வருகிறது. 2019இல் கோட்டாபய ராஜபக்சவின் விஞ்ஞாபனமாக 'சுபீட்சத்தின் நோக்கு' என்று ஒன்று வந்தது. அதில் பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவது என்று எழுதியிருந்தது. பத்து வருடம் என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். எழுதியது இயற்கைக்காக, நடந்தது கந்தளாயிலும் மூதூரிலும் வயல் மஞ்சளித்தது. என் கடைக்கு மூதூரில் இருந்து அரிசி கொண்டுவந்து தந்த ஒரு அண்ணன் அந்தப் போகத்தோடு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போனவர்தான், இன்னும் திரும்பவில்லை. அன்றிலிருந்து விஞ்ஞாபனத்தில் நல்ல வரி ஒன்றைக் கண்டால் எத்தனை நாளில் என்று தேடுவேன். இந்தப் பக்கங்களில் அது குறைவு.

சரி, சுகாதாரம். என் 250 ரூபாயில் பெரும்பகுதி இந்தப் பக்கங்களுக்குத்தான் போனது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபாய் என்றும், அதில் மருந்துக்கு மட்டும் 185 பில்லியன் என்றும் சொன்னார்கள். பதினெட்டாயிரத்து ஐந்நூறு கோடி. என்னால் கற்பனை செய்ய முடியாத காசு. ஆனால் அம்மாவின் கிளினிக் கொப்பியில் வருகிற கணக்கு வேறு. மெட்போமின் குளிசை எப்போதும் கிடைக்கும், குறை சொல்ல முடியாது. அதோடு போடுகிற இன்னொரு குளிசைதான் பிரச்சினை. தொடர்ந்து மூன்று மாதம் "இது வெளியில எடுங்கோ அம்மா" என்று துண்டு எழுதித் தந்தார்கள். விடியப்புறம் ஐந்தரைக்கு வரிசையில் நின்று, பத்தரைக்கு டொக்டரைக் கண்டு, பன்னிரண்டுக்கு மருந்து யன்னலடியில் ஒரு துண்டு. தந்த மிஸ்ஸும் பாவம், அவவின் குற்றமில்லை. வைத்தியசாலையின் பெயரைச் சொல்லமாட்டேன்.

துண்டைக் கொண்டு ஒரு பாமசிக்குப் போனேன். ஒரு மாதக் குளிசை 1,950 ரூபாய். "பில் தாங்கோ தம்பி" என்றேன். "பில் புத்தகம் முடிஞ்சு போச்சு அன்ரி." கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டுப் பாவனையாளர் சட்டத்திலேயே இருக்கிறது. என் கடையில் நான் அதற்காகவே கார்பன் வைத்த பில் புத்தகம் வைத்திருக்கிறேன். அவனோ பனடோல் மட்டையின் கரையைக் கிழித்து '1950' என்று எழுதித் தந்தான்.

அடுத்த மாதம் வேறொரு பாமசிக்குப் போனேன். அங்கே வயதான ஒருவர். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பெரிய எழுத்தில் ஒரு பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர். "இந்தச் சின்ன எழுத்துத்தான் பிள்ளை மருந்து. பெரிய எழுத்து கம்பனி." டொக்டரிடம் ஒருதரம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்கச் சொன்னார். கேட்டேன், சரி என்றார். 1,280 ரூபாய். அதே மருந்து.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை இல்லை. பேராசிரியர் சேனக பிபிலே அரை நூற்றாண்டுக்கு முன்பே மருந்தைப் பொதுப்பெயரால் வாங்கு, பொதுப்பெயரால் எழுது என்று சொன்னார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அந்த எண்ணத்தில்தான் வந்தது. 2015இல் மருந்தை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபை, 2016இல் 48 மருந்துக்குக் கட்டுப்பாட்டு விலை. ஆட்சிக்கு ஆட்சி ஒரு கல் வைத்திருக்கிறார்கள். இந்த விஞ்ஞாபனத்திலும் தரமான மருந்து, நியாய விலை என்றெல்லாம் நல்ல வரிகள் உண்டு. நான் தேடியது ஒன்றே ஒன்று: 'யன்னலடியில் மருந்து இல்லாவிட்டால் நோயாளி என்ன செய்ய வேண்டும்?' தொலைபேசி இலக்கம் ஒன்று, ஒரு படிவம், ஒரு ஆள். என் பக்கங்களில் அது கிடைக்கவில்லை. சொப்பின் பைக்கு இருக்கிற கவனம் குளிசைத் துண்டுக்கு இல்லையே என்று எனக்குப் பட்டது அங்கேதான். இல்லாத மருந்து எந்தப் பில்லிலும் ஏறாது.

இலக்கம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சாமான் என் வீட்டிலேயே பாவித்திருக்கிறேன்: 1990 சுவசெரிய அம்புலன்ஸ். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் வந்தது. இவர்களுடைய பொருள் இல்லை, முந்திய ஆட்சி ஒன்றினுடையது. போன வருடம் ஒரு இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்குச் சீனி இறங்கி, உடம்பு வேர்த்து, பேச்சுக் குழறியது. அடித்தேன். தமிழில் பேசினார்கள். ஒழுங்கை முனையில் போய் ரோச் அடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். வந்தார்கள், வாசலிலேயே ஊசி ஏற்றினார்கள், காசு கேட்கவில்லை. நான்கு இலக்கம், அவ்வளவுதான். புது ஆட்சி அதைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

உணவு, சுகாதாரம், கல்வி ஆகியவற்றில் இருந்து வற் எனும் பெறுமதி சேர் வரியை எடுப்பது பற்றிய பேச்சும் இருந்தது. 18 வீத வரி. 2025 ஏப்ரலில் உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் எடுத்தார்கள். நல்லது. எங்கள் பக்கம் கிண்ணியாவில் இருந்து சட்டித் தயிர் கொண்டுவருகிறவரிடம் சொன்னேன், "வற் எடுத்திட்டாங்களாம்." அவர் சிரித்துவிட்டு, "அது எப்ப போட்டது தங்கச்சி?" என்றார்.

சுற்றாடல் பக்கத்தில் பெரிய விஷயங்களும் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று 2016இல் கைவிட்டார்கள். அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். கரிப்புகைக்குப் பதில் வெயில் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே வருடம் முத்துநகரில் வயல் செய்த சனங்கள், சூரிய மின்சாரத்துக்காக எங்கள் நிலத்தை எடுக்கிறீர்களே என்று கச்சேரி முன்னால் குந்தியிருந்தார்கள். மீன் வாங்கப் போகும்போது பார்த்தேன். வெயிலுக்குத் துணி கட்டி, நடுவில் ஒரு பானை. வயலும் சுற்றாடல்தானே? என் போட்டோகொப்பியில் அந்த இரண்டும் ஒரே அத்தியாயத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன, அதுதான் வேடிக்கை. 'கிளீன் சிறிலங்கா' என்ற அரசின் தூய்மைத் திட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரை கூட்டினார்கள், படம் எடுத்தார்கள், இரண்டு கிழமை சுத்தமாக இருந்தது.

நிறுத்துச் சொல்வதென்றால் பாவனையாளர் பகுதி ஐந்துக்கு மூன்றரை. அரிசிக்கு ஒன்றரையைப் பிடித்துவிட்டேன். சுற்றாடல் மூன்று, அதில் இரண்டு மானுக்காக. சுகாதாரம் இரண்டு. வாங்கலாமா என்று கேட்டால், முழுப் புத்தகமும் தேவையில்லை, உங்களுக்கு வேண்டிய பக்கத்தை அடித்து வையுங்கள். நான் என் பக்கங்களைத் தராசுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெள்ளை, கடன் கணக்கு எழுத உதவுகிறது.

போன கிளினிக்குக்கு மறுபடியும் துண்டுதான் கிடைத்தது. வயதானவரின் பாமசி அன்று பூட்டு. வேறு வழியில்லாமல் முதல் கடைக்கே போனேன். பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைக் காட்டிக் கேட்டேன், மலிந்ததை எடுத்துத் தந்தான். பில் கேட்டேன். "பில் புத்தகம் முடிஞ்சு போச்சு அன்ரி." கைப்பையில் இருந்து என் கடைப் பில் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடிக்கு மேல் வைத்தேன். "பரவாயில்ல தம்பி, இதில எழுதித் தாங்கோ. கார்பனும் இருக்கு." அவன் புத்தகத்தைப் பார்த்தான். வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். பிறகு லாச்சியைத் திறந்து, புத்தம் புதுப் பில் புத்தகம் ஒன்றை வெளியில் எடுத்தான்.